உருவ ஒப்புமையும் உறவுமுறையும்: தென் அமெரிக்கத் தொல் குளம்பிகளின் வகைப்பாட்டுச் சிக்கல்

ஆய்வுச்சுருக்கம்

தென் அமெரிக்கா ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகள் பிற கண்டங்களிலிருந்து பெரிதும் தனித்திருந்த நிலப்பகுதியாகும். அங்கே தோன்றி, அங்கேயே பெருகி, இன்று முற்றிலும் அழிந்துபோன குளம்புடைய பாலூட்டிகள் பல. குதிரை, ஒட்டகம், காண்டாமிருகம், யானை, முயல் ஆகியவற்றை நினைவூட்டும் உருவங்கள் அவற்றுள் காணப்படுகின்றன. இவ்வொப்புமைகளைக் கொண்டு அவற்றின் உறவுமுறையை வரையறுக்க 19ஆம் நூற்றாண்டு முதல் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட முடிவுகளையே தந்தன. 2015ஆம் ஆண்டில் எலும்புப் புரதத்தின் வழியாகவும் 2017ஆம் ஆண்டில் தொல் மரபணுவின் வழியாகவும் இச்சிக்கலின் ஒரு பகுதி தீர்ந்தது. உருவ ஒப்புமை எதனைக் கூறும், எதனைக் கூறாது என்பதை இவ்வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொல்லுயிரியல், குளம்பிகள், டாக்சோடான், மக்ராக்கீனியா, குவிபரிணாமம், கொலாஜன், வகைப்பாடு.

முன்னுரை

அழிந்த விலங்கு ஒன்றின் எலும்பு கிடைத்ததும் ஆய்வாளர் முதலில் எழுப்பும் வினா, அது எந்த விலங்கின் உறவு என்பதாகும். அவ்வினாவிற்கு விடைகாண அவர் கையாளும் முதன்மையான கருவி ஒப்பீடு. தெரிந்த விலங்குகளின் பல், கணுக்கால், மண்டையோடு ஆகியவற்றோடு புதிய எலும்பை ஒப்பிட்டு, ஒற்றுமை மிகுந்த இடத்தில் அதனை வைப்பது மரபு. இம்முறை பெரும்பாலான இடங்களில் பயன் தந்துள்ளது. ஆயினும் இதன் அடியில் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. ஒத்த உறுப்புகள் ஒத்த முன்னோரிடமிருந்து வந்தவை என்பதே அவ்வெடுகோள்.

ஒரே வகையான வாழ்க்கை ஒரே வகையான உறுப்பைத் தோற்றுவிக்கவும் கூடும். தொடர்பற்ற இரு கால்வழிகள் ஒத்த சூழலில் வாழ்ந்து ஒத்த உருவத்தை அடைவதைக் குவிபரிணாமம் என்பர். உறவினால் வந்த ஒற்றுமையையும் வாழ்க்கைமுறையால் வந்த ஒற்றுமையையும் பிரித்தறிவதே வகைப்பாட்டியலின் கடினமான பணி. அப்பணியின் கடுமையைத் தென் அமெரிக்கத் தொல் குளம்பிகளைப்போல் தெளிவாகக் காட்டும் விலங்குக் குழுக்கள் சிலவே.

தனித்திருந்த கண்டமும் அதன் விலங்குகளும்

கொண்ட்வானா என்னும் பெருநிலம் பிரிந்தபின் தென் அமெரிக்கா பெரும்பாலும் தீவாகவே நின்றது. சுமார் 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலவிணைப்பு முழுமையடைந்த பின்னரே வட அமெரிக்க விலங்குகள் அங்குப் பெருமளவில் நுழைந்தன. இன்று தென் அமெரிக்காவின் அடையாளமாகக் கருதப்படும் லாமாவும் குவனாக்கோவும், அங்குள்ள மான்களும் டேப்பிர்களும் வடக்கிலிருந்து வந்தவற்றின் வழித்தோன்றல்களே.

அவை வருவதற்கு முன் அக்கண்டத்தின் காடுகளிலும் புல்வெளிகளிலும் தழையும் புல்லும் மேய்ந்தவை வேறு விலங்குகளாகும். அவை பொதுவாக ஐந்து வரிசைகளாகப் பகுக்கப்படுகின்றன: நோட்டோங்குலேட்டா, லிட்டாப்டெர்னா, அஸ்ட்ராப்போத்தீரியா, பைரோத்தீரியா, செனுங்குலேட்டா. இவற்றுள் நோட்டோங்குலேட்டா மிகப் பெரிய குழு. முயலின் அளவும் வடிவும் கொண்ட பாக்கிருகோசு, குளம்பிற்கு மாறாக நகங்களைக் கொண்ட ஹோமாலோடோத்தீரியம், காண்டாமிருகத்தின் உடற்கட்டைக் கொண்ட டாக்சோடான் ஆகியன இக்குழுவில் அடங்கும். லிட்டாப்டெர்னா வரிசையில் குதிரையைப்போன்ற கால்களைக் கொண்டவையும் ஒட்டகத்தைப்போன்ற கழுத்தைக் கொண்டவையும் இருந்தன. அஸ்ட்ராப்போத்தீரியம் நீண்ட கோரைப்பற்களையும், பைரோத்தீரியம் யானையை நினைவூட்டும் தந்தங்களையும் கடைவாய்ப்பற்களையும் பெற்றிருந்தன.

பிற கண்டங்களில் பல்வேறு வரிசைகளைச் சேர்ந்த விலங்குகள் ஆற்றிய பணிகளை இங்கு இவ்வைந்து வரிசைகள் பகிர்ந்துகொண்டன. எனவே, பிற கண்டங்களின் விலங்குகளை மட்டும் அறிந்திருந்த ஆய்வாளர்க்கு இவை பழகிய முகங்களாகவே தோன்றின.

டார்வினும் ஓவனும்

இவ்விலங்குகள் அறிவியல் உலகிற்கு அறிமுகமானதில் பீகிள் கப்பற் பயணத்திற்கு (1831-1836) முக்கியப் பங்கு உண்டு. 1833ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இன்றைய உருகுவே நாட்டில் ஒரு பண்ணைவீட்டில் சார்லஸ் டார்வின் பெரிய மண்டையோடு ஒன்றைக் கண்டார். சிறுவர்கள் அதனைக் குறியாக வைத்துக் கல்லெறிந்து பற்களை உடைத்திருந்தனர். அதனை அவர் 18 பென்சு கொடுத்து வாங்கினார். 1834 ஜனவரியில் படகோனியாவின் சான் ஹூலியான் துறையில் மற்றொரு பெருவிலங்கின் எலும்புகளைத் தோண்டியெடுத்தார். அவை மாஸ்டோடன் என்னும் யானையினத் தொல்விலங்கினுடையவையாக இருக்கலாம் என அப்போது அவர் கருதினார்.

இங்கிலாந்தில் இவற்றை ஆராய்ந்தவர் ஒப்பீட்டு உடற்கூற்றியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன். மண்டையோட்டிற்கு உரிய விலங்கிற்கு 1837இல் டாக்சோடான் எனப் பெயரிட்டார். வில்போல் வளைந்த பல்லையுடையது என்பது அதன் பொருள். வாழ்நாள் முழுவதும் வளரும் அதன் பற்கள் கொறிவிலங்குகளை நினைவூட்டின. மண்டையோட்டின் பிற கூறுகள் யானை, காண்டாமிருகம் முதலிய தடித்தோல் விலங்குகளையும், கடற்பசு முதலிய நீர்வாழ் தாவர உண்ணிகளையும் நினைவூட்டின. இம்மூன்று தொடர்புகளையும் ஓவன் தம் கட்டுரையின் தலைப்பிலேயே இடம்பெறச் செய்தார். ஒரே மண்டையோடு மூன்று திசைகளைக் காட்டியது என்பது இங்குக் கருதத்தக்கது.

சான் ஹூலியான் எலும்புகளுக்கு ஓவன் 1838இல் மக்ராக்கீனியா எனப் பெயரிட்டார். இப்பெயர் லாமாவை நினைவில் கொண்டு அமைந்தது. அவர் சுட்டிய சான்று நுட்பமானது. பெரும்பாலான பாலூட்டிகளில் மூளைக்குச் செல்லும் முள்ளெலும்புத் தமனி, கழுத்தெலும்புகளின் பக்க நீட்சிகளிலுள்ள துளைகளின் வழியே செல்லும். ஒட்டகக் குடும்பத்தில் அது தண்டுவடக் குழலின் சுவர்ப்பகுதிக்குள் செல்லும். மக்ராக்கீனியாவின் நீண்ட கழுத்தெலும்புகளிலும் இவ்வமைப்பே காணப்பட்டது. அதே விலங்கின் பாதங்களிலோ மும்மூன்று விரல்கள் இருந்தன. ஒட்டகத்திற்கு விரல்கள் இரண்டே. கழுத்து ஒட்டகத்தையும் கால் காண்டாமிருகத்தையும் சுட்டின.

இம்முரண் டார்வினை வேறொரு திசையில் சிந்திக்கத் தூண்டியது. ஒரு நிலப்பகுதியில் அழிந்த விலங்குகளுக்கும் அங்கு இன்று வாழும் விலங்குகளுக்கும் தொடர்பு உண்டு என்னும் கருத்தை அவர் வளர்த்துக்கொண்டார். அழிந்த மக்ராக்கீனியாவும் வாழும் குவனாக்கோவும் அக்கருத்திற்கு எடுத்துக்காட்டாயின. உயிரினங்கள் மாறுகின்றன என்னும் முடிவை நோக்கி அவரை இட்டுச்சென்ற சான்றுகளுள் இதுவும் ஒன்று. குவனாக்கோவின் முன்னோர் வட அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பதும், மக்ராக்கீனியாவிற்கும் அதற்கும் நெருங்கிய உறவு இல்லை என்பதும் பின்னரே தெளிவாயின. பொதுக்கருத்து நிலைபெற்றது. அதற்குக் காட்டப்பட்ட இந்த எடுத்துக்காட்டு நிலைபெறவில்லை.

அமெகினோவும் ஒற்றைக் குளம்பும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்துறையின் மையம் அர்ஜென்டினாவிற்கு இடம்பெயர்ந்தது. புளோரென்டினோ அமெகினோவும் அவர்தம் இளவல் கார்லோசு அமெகினோவும் இதற்குக் காரணர். 1887 முதல் கார்லோசு படகோனியாவின் கடுமையான நிலப்பகுதிகளில் அலைந்து புதைபடிவங்களைத் திரட்டினார். புளோரென்டினோ அவற்றை விவரித்துப் பெயரிட்டார். இன்று வழங்கும் தென் அமெரிக்கத் தொல் பாலூட்டிகளின் பெயர்களுள் பெரும்பகுதி இவ்விருவரின் உழைப்பால் வந்தது.

அவர்கள் கண்டவற்றுள் தோவாத்தீரியம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. படகோனியாவின் சாந்தா குரூசு படிவுகளில், அதாவது சுமார் 1.7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில், கிடைத்த இச்சிறு விலங்கு ஒற்றை விரலில் நின்று ஓடியது. இன்றைய குதிரையின் காலில் நடுவிரலின் இருபுறமும் பக்கவிரல்களின் எச்சமாக மெல்லிய எலும்புகள் உள்ளன. தோவாத்தீரியத்தில் அவ்வெச்சங்கள் குதிரையினும் குறுகிச் சிறு முனைகளாகவே எஞ்சின. விரல் குறைப்பில் இது குதிரையையும் விஞ்சியது எனலாம். வட அமெரிக்காவில் குதிரையினங்கள் மூவிரல் நிலையில் இருந்த காலத்திலேயே இது நிகழ்ந்துவிட்டது.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்ட அமெகினோ, குதிரை உள்ளிட்ட பல பாலூட்டிக் குழுக்களின் தொட்டில் படகோனியாவே என வாதிட்டார். பாறைகளின் வயதை அவர் உண்மையைவிட மிகவும் பழமையாகக் கணித்தமையும் இம்முடிவிற்குத் துணைசெய்தது. 1896 முதல் 1899 வரை ஜான் பெல் ஹாட்சர் தலைமையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அனுப்பிய பயணக்குழுக்கள் அதே நிலப்பகுதிகளில் எலும்புகளைத் திரட்டின. அவற்றை ஆராய்ந்த வில்லியம் பெரிமன் ஸ்காட், தோவாத்தீரியத்தின் பல்லும் மண்டையோடும் கணுக்காலும் குதிரையின் அமைப்பிலிருந்து வேறுபடுவதை எடுத்துக்காட்டினார். குறிப்பாக, அதன் கடைவாய்ப்பற்கள் உயரம் குறைந்தவை. ஓட்டத்திற்கேற்ற கால் குதிரையை ஒத்திருக்க, உணவிற்கேற்ற பல் ஒத்திருக்கவில்லை. தோவாத்தீரியம் குவிபரிணாமத்திற்குரிய சிறந்த சான்றாகப் பாடநூல்களில் இடம்பெறலாயிற்று.

உயர்ந்த பல்லும் புல்வெளியும்

உருவம் உறவைக் காட்டத் தவறினாலும் வாழ்க்கைமுறையைச் சரியாகக் காட்டும் என்னும் நம்பிக்கை நிலவியது. இதனையும் ஆராய வேண்டியுள்ளது. புல்லில் சிலிக்காத் துகள்கள் மிகுதி. மண்ணோடு ஒட்டி வளர்வதால் தூசியும் மிகுதி. எனவே புல் மேயும் விலங்குகளின் பல் விரைவில் தேயும். உயரமான பல்முடி இத்தேய்மானத்தை ஈடுசெய்யும். இவ்வடிப்படையில், உயர்ந்த பல் காணப்படும் இடத்தில் புல்வெளி இருந்தது எனக் கொள்வது வழக்கம். நோட்டோங்குலேட்டா வரிசையில் உயர்ந்த பற்கள் பிற கண்டங்களைவிட மிக முன்னதாகவே தோன்றின. அதனால் உலகின் முதல் புல்வெளிகள் தென் அமெரிக்காவில் தோன்றின என்ற கருத்தும் உருவாயிற்று.

படகோனியாவின் கிரான் பர்ராங்கா என்னுமிடத்துப் படிவுகளில் உள்ள தாவரச் சிலிக்காத் துகள்களை ஆராய்ந்த கரோலின் ஸ்ட்ரோம்பெர்க் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மறுத்தது. உயர்ந்த பற்கள் தோன்றிய காலத்தில் அப்பகுதியில் திறந்த புல்வெளி இல்லை; பனையினங்கள் உள்ளிட்ட மரங்கள் நிறைந்த காடுகளே இருந்தன. அப்படிவுகளில் எரிமலைச் சாம்பல் மிகுதி. தழைகளின்மீது படிந்த சாம்பலும் தூசியும் பற்களைத் தேய்த்திருக்கலாம் என்பது அவர்தம் விளக்கம். இதன்படி, உயர்ந்த பல் தேய்மானத்திற்குச் சான்றாகும். தேய்த்த பொருள் இன்னதென்பதற்குச் சான்றாகாது.

டாக்சோடானின் பற்களில் மேற்கொள்ளப்பட்ட கார்பன் ஐசோடோப்பு ஆய்வுகளும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கவை. வெப்பப் புல்வெளிகளின் புற்களும் காட்டுத் தழைகளும் காற்றிலுள்ள கார்பனை வெவ்வேறு முறையில் ஏற்கின்றன. அவ்வேறுபாடு உண்ணும் விலங்கின் பல்லில் பதிவாகிறது. அமேசான் பகுதி டாக்சோடான்கள் காட்டுத் தாவரங்களை உண்டதையும், வேறு சில பகுதிகளைச் சேர்ந்தவை புல்லை மிகுதியாக உண்டதையும் புரூஸ் மக்ஃபேடன் வெளியிட்ட முடிவுகள் காட்டின. ஒரே வடிவப் பல் கொண்டே இவ்விலங்கு காட்டிலும் புல்வெளியிலும் வாழ்ந்தது.

எலும்பினுள் எஞ்சிய சான்று

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழும் பாலூட்டிகளின் உறவுமுறை மரபணு ஆய்வுகளால் மாற்றியமைக்கப்பட்டது. யானை, கடற்பசு, எறும்புதின்னும் ஆப்பிரிக்க ஆர்டுவார்க் ஆகியன ஆப்பிரோத்தீரியா என்னும் ஒரே கால்வழியைச் சேர்ந்தவை என்பதும், குதிரையும் மாடும் லாராசியாத்தீரியா என்னும் வேறொரு கால்வழியைச் சேர்ந்தவை என்பதும் நிறுவப்பட்டன. குளம்பு என்னும் உறுப்பு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றியது என்பது இதனால் உறுதியாயிற்று. தென் அமெரிக்கக் குளம்பிகள் இவற்றுள் எதனைச் சேர்ந்தவை என்னும் வினா கூர்மையடைந்தது. நோட்டோங்குலேட்டா யானையின் பக்கம் சேரும் என, பற்கள் காலந்தாழ்ந்து முளைத்தல் போன்ற கூறுகளைக் கொண்டு சிலர் வாதிட்டனர். கணுக்காலையும் பல்லையும் கொண்டு வேறு முடிவுகளை எட்டியோரும் உளர்.

டாக்சோடானும் மக்ராக்கீனியாவும் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்வரை வாழ்ந்தவை. ஆகவே அவற்றின் எலும்புகளில் மூலக்கூறுச் சான்று எஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. ஆயினும் வெப்பமான நிலப்பகுதிகளில் மரபணு விரைவில் சிதைந்துவிடும். அதனினும் நெடுங்காலம் நிலைப்பது கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் முறுக்கிய கயிறுபோன்ற அமைப்பும், எலும்பின் கனிமத்தோடு கொண்ட பிணைப்பும் அதற்கு உறுதி அளிக்கின்றன. அப்புரதத்தின் அமினோ அமில வரிசை மரபணுவால் தீர்மானிக்கப்படுவதால், கால்வழிகள் பிரியப் பிரிய அவ்வரிசையிலும் வேறுபாடுகள் சேர்கின்றன. புரதத்தை நொதியால் சிறு துண்டுகளாக்கி, நிறை நிறமாலைமானியால் ஒவ்வொரு துண்டின் நிறையையும் அளந்து, வரிசையை மீட்டெடுக்க முடியும்.

ஃபிரிடோ வெல்கரும் பன்னாட்டு ஆய்வாளர் பலரும் இம்முறையில் இவ்விரு விலங்குகளின் கொலாஜன் வரிசையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை மீட்டு, 2015இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். இரு விலங்குகளும் தமக்குள் உறவுடையவை; குதிரை, காண்டாமிருகம், டேப்பிர் ஆகியன அடங்கிய ஒற்றைப்படைக் குளம்பிகளே வாழும் விலங்குகளுள் அவற்றிற்கு மிக நெருங்கியவை என்பது அவர்கள் கண்ட முடிவு. அதே ஆண்டில் மைக்கேல் பக்லி தனியே மேற்கொண்ட கொலாஜன் ஆய்வும் இதே முடிவை எட்டியது. 2017இல் தென் சிலியின் குகை ஒன்றில் கிடைத்த மக்ராக்கீனியா எலும்பிலிருந்து மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதியின் பெரும்பகுதி மீட்கப்பட்டது. அதுவும் முன்னைய முடிவை உறுதிசெய்ததோடு, இக்கால்வழி ஒற்றைப்படைக் குளம்பிகளிடமிருந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்றும் கணித்தது. டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டியது இப்பிரிவு.

முடிவின் பொருள்

இம்முடிவு அமெகினோவின் கருத்தை மெய்ப்பிப்பதுபோல் மேலோட்டமாகத் தோன்றலாம். குதிரையோடு உறவு உண்டு என்று அவர் கூறினார். உறவு இருப்பதை மூலக்கூறுகள் காட்டின. ஆயின் இவ்விரண்டும் ஒன்றாகா. குதிரையின் கால்வழியும் தோவாத்தீரியத்தின் கால்வழியும் பிரிந்தபோது இரண்டின் முன்னோரும் பல விரல்களைக் கொண்ட சிறு விலங்குகளே. குதிரையின் முன்னோர் நான்கு, மூன்று, ஒன்று எனப் படிப்படியாக விரல் குறைந்த வரலாற்றை வட அமெரிக்கப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. லிட்டாப்டெர்னா வரிசையிலும் தோவாத்தீரியத்தின் உறவான டியாடியாஃபோரசு மூன்று விரல்களைக் கொண்டிருந்தது. எனவே ஒற்றைக் குளம்பு இரு கால்வழிகளிலும் தனித்தனியே தோன்றியது என்பதில் மாற்றமில்லை. உறவும் இருந்தது, ஒப்புமையும் இருந்தது, ஒப்புமை அவ்வுறவிலிருந்து வரவில்லை.

இதேபோல், மக்ராக்கீனியாவின் கழுத்தில் ஓவன் கண்ட தமனிவழி ஒட்டகத்தின் உறவைக் காட்டவில்லை. டாக்சோடானின் கொறிவிலங்குப் பல்லும் அவ்வாறே. ஓவன் சுட்டிய கூறுகள் ஒவ்வொன்றும் உண்மையாகவே அவ்வெலும்புகளில் உள்ளன. அவருடைய விவரிப்பு இன்றும் பயன்படுகிறது. கூறுகளுக்கு அவர் அளித்த பொருளே மாறியது.

மூலக்கூறு முறைக்கும் எல்லை உண்டு. வரிசைக்கு ஒரு விலங்காக, இரண்டு வரிசைகளிலிருந்து மட்டுமே சான்று கிடைத்துள்ளது. தோவாத்தீரியத்தை மக்ராக்கீனியாவோடு ஒரே வரிசையில் வைப்பது இன்றும் பல்லையும் கணுக்காலையும் கொண்ட உடற்கூற்று ஒப்பீடே. அஸ்ட்ராப்போத்தீரியா, பைரோத்தீரியா, செனுங்குலேட்டா ஆகியன கோடி ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டவை. கனடாவின் ஆர்க்டிக் தீவில் கிடைத்த சுமார் 35 இலட்சம் ஆண்டுப் பழமையான ஒட்டக எலும்பில் கொலாஜன் இனங்காணப்பட்டது. அதற்கு அந்நிலத்தின் கடுங்குளிர் துணைநின்றது. அம்மூன்று வரிசைகளின் எலும்புகளில் அத்தகைய வாய்ப்பு இல்லை. அவற்றின் உறவுமுறைக்குப் பழைய ஒப்பீட்டு முறையே வழி.

முடிவுரை

தென் அமெரிக்கத் தொல் குளம்பிகளின் ஆய்வு வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. ஓர் உறுப்பின் வடிவம் அவ்வுறுப்பு எதிர்கொண்ட தேவையை முதலில் கூறுகிறது. அத்தேவை எச்சூழலில் எழுந்தது என்பதற்குப் பல்லின் உயரம் மட்டும் போதாது. தாவரத் துகள்களும் ஐசோடோப்புகளும் வேண்டும்.

2. தனித்தனி ஒப்புமைகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து உறவை நிறுவுவது இடர்ப்பாடு உடையது. டாக்சோடான் மூன்று திசைகளையும் மக்ராக்கீனியா இரண்டு திசைகளையும் காட்டியமை இதற்குச் சான்று.

3. மூலக்கூறுச் சான்று உடற்கூற்று ஆய்வை நீக்கிவிடவில்லை. எக்கூறுகளை உறவிற்குச் சான்றாகக் கொள்ளலாம், எவற்றைக் கொள்ளலாகாது என்பதை அது எடைபோட உதவுகிறது. டாக்சோடான், மக்ராக்கீனியா ஆகியவற்றின் இடம் உறுதியானதால், அவற்றில் உறவைச் சரியாகக் காட்டிய எலும்புக் கூறுகள் எவை எனத் திரும்பிப் பார்த்து அறிய முடியும். புரதம் எஞ்சாத மூன்று வரிசைகளின் இடத்தைத் தேட அக்கூறுகளே இனி அடிப்படையாக அமையும்.